காலையில் மட்டும் மக்கர்

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பழைய வேஷ்டித் துணி, வசம்பு, லேகியச் சாமான் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கார் மட்டும்தான் தயாரில்லை!

மாமனார் 2001-ல் வாங்கிய சின்னக் கார் அது. அவர் ஞாபகமாக இருக்கட்டும் என்று விற்காமல் வைத்திருக்கிறோம். ஒரு தடவை கிளம்பிவிட்டால் அன்று முழுக்கச் சமர்த்து. காலையில் முதல் தடவைதான் தகராறு. 'கர்... கர்...' என்று இழுத்து இழுத்து, நமக்கே மூச்சு வாங்கிய பிறகுதான் உயிர் வரும். இவருக்கு வெளியூரில் வேலை. ராத்திரி வலி கண்டால் ஓட்டப் போவது நான்தான். "108 இருக்கே, எதுக்குக் கவலைப்படறே?" என்றார் போனில். இருக்கிறதுதான். பெற்ற மனசு கேட்க வேண்டுமே!

தெருமுனை மெக்கானிக் பாட்டரி போய்விட்டது என்றார். மாற்றினோம். பிளக்கும் மாற்றினோம். மறுநாளும் அதே கதை. "ஆக்ஸிலேட்டரை நாலு மிதி மிதிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அது கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. எங்களுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று உள்ளேயிருக்கும் சின்ன கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். நிற்கிற வண்டியில் மிதித்தால் கால்தான் வலிக்கும்.

ஒருநாள் காலையில் கிணற்று மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் ஏறவில்லை. ஃபுட் வால்வு கசிந்தால் இப்படித்தான். ராத்திரியோடு குழாய்த் தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மேலே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால்தான் இழுக்கும். பகலில் இந்தத் தொல்லை இருக்காது. குடத்தைத் தூக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது. காருக்கும் இதே வியாதியாக இருந்தால்?

சாவியை ஸ்டார்ட் வரை கொண்டு போகாமல், முன்னால் விளக்குகள் எரியும் வரை மட்டும் திருப்பினேன். பெட்ரோல் டாங்க் பக்கமிருந்து 'ம்ம்' என்று இரண்டு விநாடி ஒரு முனகல். அதுதான் பம்பு. நின்றதும் சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். இப்படி மூன்று தடவை. பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஒரே இழுப்பு! மூன்று நாள் காலையிலும் இப்படியே செய்து பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் கேஜ் மாட்டினார். இன்ஜினை நிறுத்தியதும் முள் கண்ணெதிரே சரசரவென்று இறங்கியது. இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் பிளக் ஈரமாகிப் பெட்ரோல் நாற்றம் அடித்திருக்குமாம். பிளக் காய்ந்தே இருந்தது. அப்படியானால் பம்புக்குள் இருக்கும் வால்வுதான். தனியாக மாற்ற முடியாது, பம்பையே மாற்ற வேண்டும் என்றார்.

"எப்பவும் ரிசர்விலேயே ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! இருநூறு ரூபாய்க்கு மேல் நான் பெட்ரோல் போட்டதில்லை. டாங்குக்குள் இருக்கும் பம்பு அந்தப் பெட்ரோலிலேதான் சூடு தணிகிறதாம். என் சிக்கனம் புதுப் பம்பு செலவில் வந்து முடிந்தது.

டாங்கைத் திறக்கிற வேலையை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாமி விளக்கும் அடுப்பும் எரிகிற இடம், மகள் வேறு வாயும் வயிறுமாக இருக்கிறாள். பட்டறையிலேயே முடித்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தனை பாடுபட்டுக் கிளம்பிய வண்டி நின்றுவிடக் கூடாதே என்று, ஷெட் கதவைப் பாதி சாத்தியபடியே கால் மணி நேரம் ஓடவிடுவேன். அதை ஒட்டின ஜன்னலோரம்தான் மகள் காப்பி குடிப்பாள். அந்தப் புகையில் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தாயின் ரத்தத்தில் கலந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் பிராணவாயுவும் குறைந்துவிடும். நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. இப்போதெல்லாம் ஸ்டார்ட் ஆனதும் வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்துவிடுகிறேன்.

கடைசியில் மகளுக்கு வலி கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில்! இவரும் ஊரிலிருந்தார். அவர்தான் ஓட்டினார். நான் பின் சீட்டில் மகள் கையைப் பிடித்தபடி பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்தேன். பாதி டாங்க் இருந்தது.