முறை யாருக்கு?

இளமையில் ஆடிய ஆட்டங்கள் என்றதும் பெரியவர்கள் கிட்டிப்புள்ளையும் பம்பரத்தையும் சொல்வார்கள். என் தலைமுறைக்கு மல்யுத்தமும் உண்டு. மண்ணும் களமும் வேண்டாத மல்யுத்தம் அது. பள்ளித் திண்ணையில் உட்கார்ந்தே ஆடலாம். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழுந்தால் போதும், நாற்பதைக் கடந்தவர்களும் சிறுவர்களாகி விடுகிறார்கள். "அண்டர்டேக்கர் யாரிடம் இருந்தது?" என்று வணிகவியல் கேட்கிறது, "என்னிடம்தான்!" என்று விலங்கியல் நெஞ்சை நிமிர்த்துகிறது.

மாணவ நண்பர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் டிரம்ப் கார்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஓர் அமெரிக்க மல்யுத்த வீரரின் படம். கீழே தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புஜ அளவு, ஆடிய போட்டி, வென்ற போட்டி. அட்டைகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முறை யாருக்கோ அவன் தன் மேல் அட்டையைப் பார்த்து ஏதேனும் ஒன்றைக் கேட்பான். எண் பெரிதாக உள்ளவன் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொள்வான். அடுத்த முறையும் அவனுக்கே. தரவரிசையில் மட்டும் சிறிய எண்ணுக்கு வெற்றி. உயரம் கேட்டால் ஜெயன்ட் கொன்சாலஸை யாரும் வெல்ல முடியாது. எடை என்றால் 500 பவுண்டைத் தாண்டிய யோகோசூனா. அவரை ஜப்பானியர் என்றே நம்பினோம். சமோவா வம்சாவளி அமெரிக்கர் என்பது பின்னாளில் தெரிந்தது.

1994இல் நான் ஆறாம் வகுப்பு. ஊரில் கேபிள் இணைப்பு வந்திருந்த ஒரே வீட்டின் சன்னலில் தொங்கியபடி நானும் என் நண்பனும் அந்தச் சண்டைகளைப் பார்ப்போம். அட்டைக் கட்டு அவனுடையது. காசு சேர்த்து வாங்கியது. அதன்மேல் எனக்குப் பேராசை. தோற்றவன் அட்டையை இழக்க வேண்டும் என்று பந்தயம் வைத்தேன். பிறகு, ஆடும்போதே பெரிய வீரர்களின் அட்டைகளில் பின்புற மூலையில் நகத்தால் சிறு குறி இட்டேன். அவன் கையில் மேலே இருப்பது யார் என்று தெரிந்துவிட்டால் எதைக் கேட்பது என்பதில் என்ன கஷ்டம்? பத்தே நாளில் கட்டு என்னுடையதாயிற்று.

ஆண்டு முடிவில் அவன் பள்ளியை விட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. புறப்படும்போது மிஞ்சியிருந்த ஒரே அட்டையையும், "இதையும் வெச்சுக்கடா" என்று கொடுத்தான். ஹல்க் ஹோகன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரிச் சேர்க்கையின்போது மகளுடன் ஒருவர் வந்தார். "சார்" என்று கைகூப்பியவரை அடையாளம் கண்டு திகைத்தேன். மறுநாள் அவன் சான்றிதழ்களுடன் வந்தபோது அந்த அட்டையை நீட்டி, முப்பதாண்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "டேய், நீ வெச்ச குறி இந்த மூலை. அந்த மூலையில இருக்கிறது யார் வெச்சதுன்னு நெனச்சே?"

தேய்மானம் என்று நான் நினைத்திருந்த இரண்டாவது குறி!

"அப்புறம் எப்படிடா தோத்தே?"

"ரெண்டு பேருக்கும் குறி தெரியும்போது, முறை கையில இருக்கிறவன்தானே ஜெயிப்பான்? எனக்கு முறை வரவே இல்லையே" என்றான் சாதாரணமாக.

தொலைக்காட்சியில் கண்ட சண்டைகளும் முடிவு முன்பே எழுதப்பட்டவைதாம். அந்த நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநில அவையிடம், இது கேளிக்கையே, போட்டி விளையாட்டு அன்று என்று சொல்லிவிட்டது. சன்னலில் தொங்கிய எங்களுக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பொய்க்காக இன்று எனக்கு வருத்தமில்லை. அவன் சொன்ன கடைசி வாக்கியந்தான் உறுத்துகிறது.

என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவன் அவன். எனக்கு முறை வந்தது, படித்தேன், அவனுக்கு வரவில்லை. நண்பர்களே, இந்தக் கல்லூரியின் வாயிலில் நுழையும் ஒவ்வொருவர் கையிலும், வீட்டில் யாருக்கோ வராமற்போன முறை ஒன்று இருக்கிறது. அவன் மகள் இப்போது கணிதம் முதலாண்டு. முன் வரிசையில் உட்காருகிறாள்.