புஷி பூங்காவிற் சனிக்கிழமைக் காலை

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் பாராளுமன்றக் கட்டடத்தையும் பக்கிங்ஹாம் அரண்மனையையும் அரும்பொருட்சாலையையும் கண்டு, புகைப்படங்களுடன் திரும்புவது வழக்கம். அவை காணத்தக்கவையே. ஆயினும் ஒரு நாட்டு மக்களை அறிய விரும்புவோர், அம்மக்கள் கூலியுமின்றிக் கட்டாயமுமின்றித் தம் விருப்பத்தினால் மட்டும் எங்கே கூடுகின்றனர் என்பதையும் பார்த்தல் வேண்டும். அத்தகைய கூட்டம் ஒன்றைச் சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் நான் கண்டேன்.

இலண்டனின் தென்மேற்குப் பகுதியிலுள்ள புஷி பூங்காவிற் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அது கூடுகின்றது. தூரம் ஐந்து கிலோமீற்றர். ஓடுவோர் ஓடுவர், நடப்போர் நடப்பர். கட்டணம் இல்லை, பணப் பரிசும் இல்லை. இந்தச் சிறு செயலுக்காக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விடுமுறை நாளின் துயிலை விடுத்து வருகின்றனர் என்றால், அதன் காரணத்தை ஆராய்வது பயனுடையதன்றோ?

சப்பாத்துத் தொழிலாளி திறந்த வழி

என் தங்கையின் குடும்பம் நியூ மோல்டன் என்னும் பகுதியில் வாழ்கின்றது. நம் நாட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே உள்ளன. அவ்விடத்திலிருந்து பஸ்ஸிற் கிங்ஸ்டனுக்கு வந்து, தேம்ஸ் நதியின் பாலத்தைக் கடந்தால் ஹம்ப்டன் விக் என்னும் சிற்றூரை அடையலாம். அதன் அருகேயுள்ள வாயிலாற் பூங்காவினுட் புகலாம்.

ஏறக்குறைய 1,100 ஏக்கர் பரப்புடைய இப்பூங்கா, பக்கத்திலுள்ள ஹம்ப்டன் கோர்ட் அரண்மனையில் வாழ்ந்த எட்டாம் ஹென்றி மன்னன் வேட்டையாடிய நிலம். முந்நூறு மான்கள் வரை இன்றும் அங்கே தடையின்றி மேய்கின்றன. 1699ஆம் ஆண்டில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான கிறிஸ்தோபர் ரென், மூன்றாம் வில்லியம் மன்னனுக்காக ஒரு மைல் நீளமான செஸ்நட் மரச்சாலையை இங்கே அமைத்தார். அச்சாலையின் நடுவே வட்டமான தடாகமும், அதன் மத்தியில் 1713இல் நிறுவப்பெற்ற டயானா நீரூற்றும் உள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தளபதி ஐசனோவர் நோர்மண்டிப் படையெடுப்புக்குத் திட்டமிட்ட இடங்களுள் இப்பூங்காவும் ஒன்று.

எனினும் மன்னரையும் சேனாதிபதியையும்விட என் மனத்தைக் கவர்ந்தவர் ஒரு சப்பாத்துத் தொழிலாளி. திமொத்தி பெனெட் என்பது அவர் பெயர். ஹம்ப்டன் விக்கிலே கடை வைத்திருந்தவர். பூங்காவின் பொறுப்பாளராயிருந்த ஹலிபாக்ஸ் பிரபு, பொதுமக்கள் காலங்காலமாக நடந்துவந்த குறுக்கு வழியை அடைத்துவிட்டார். கிங்ஸ்டன் சந்தைக்குச் செல்வோர் சுற்றிப்போக நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்த பெனெட், 1752ஆம் ஆண்டளவில், தம் சேமிப்பையெல்லாம் செலவிட்டேனும் வழக்காடி அவ்வழியைத் திறப்பிப்பேன் என்று பிரபுவை எதிர்த்து நின்றார். முதலில் அவரை அலட்சியம் செய்த பிரபு, பின்னர் பணிந்தார். பாதை திறக்கப்பட்டது. சப்பாத்துக்காரர் நடை என்றே அதற்கு இன்று பெயர். பெனெட்டின் நினைவுக்கல் பூங்கா வாயிலருகே நிற்கின்றது. சனிக்கிழமை காலையில் அப்பூங்காவிற்கு ஓடவும் நடக்கவும் வருவோர் அனைவரும், ஒருவகையில், அம்முதியவரின் கடனாளிகளே.

பதின்மூவரிற் தொடங்கியது

இன்று பார்க்ரன் என்று உலகெங்கும் அழைக்கப்படும் இவ்வழக்கம், 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் இப்பூங்காவிலேதான் தொடங்கிற்று. தொடக்கியவர் போல் சின்டன் ஹியூவிட் என்பவர். நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபாடுடைய அவர், அக்காலத்திற் காயமுற்று ஓட இயலாதவராயிருந்தார். உத்தியோகமும் கைவிட்டுப் போயிருந்தது. உடல் நொந்து, வருவாயும் குன்றிய ஒருவர் முதலில் இழப்பது நண்பர்களின் கூட்டத்தையன்றோ? அவர் அதனை இழக்க விரும்பவில்லை. 'நான் ஓட முடியாவிட்டால் என்ன? நண்பர்கள் ஓடட்டும், நான் நேரம் குறிக்கிறேன், பின்னர் எல்லோருமாகக் கோப்பி அருந்துவோம்' என்பதே அவர் எண்ணமாயிருந்தது. முதல் நாள் ஓடியவர் பதின்மூவர். உதவிக்கு நின்றவர் ஐவர்.

தொடக்கத்தில் ஓடி முடித்தோர்க்குக் கொடுத்த வரிசை இலக்கத் தகடுகள், இரும்புச்சாமான் கடையில் வாங்கி இலக்கம் பொறித்த சாதாரண வாசர்களே. இன்று முறை சற்று மாறியுள்ளது. வருவோர் ஒருமுறை தம் பெயரைப் பதிந்து, தமக்குரிய கோட்டுக் குறியீட்டைக் கடதாசியிலோ கைத்தொலைபேசியிலோ கொண்டுவருகின்றனர். எல்லையைக் கடந்ததும் ஒரு தொண்டர் இலக்கமிட்ட வில்லையை நீட்டுகிறார். இன்னொருவர் இரண்டையும் கருவியாற் படித்துக்கொள்கிறார். அன்றே ஒவ்வொருவருக்கும் அவருடைய நேரம் மின்னஞ்சலில் வந்து சேர்கின்றது. நேரம் குறிப்பவர், வழிகாட்டுபவர், வில்லைகளை ஒழுங்குபடுத்துபவர் அனைவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். சென்ற வாரம் ஓடியவர் இவ்வாரம் வளைவிலே நின்று கைதட்டுவார். இவ்வாரம் கைதட்டியவர் அடுத்த வாரம் ஓடுவார்.

இந்த ஏற்பாட்டில் நான் பெரிதும் வியந்தது ஒரு பதவியை. 'கடைசியில் நடப்பவர்' என்று ஒரு தொண்டர் வாரந்தோறும் நியமிக்கப்படுகிறார். எவர் எவ்வளவு மெல்ல நடந்தாலும் அவருக்குப் பின்னால் இத்தொண்டர் நடந்து வருவார். ஆகவே வந்தவர்களுள் எவரும் கடைசியாளர் ஆவதில்லை. வகுப்பிற் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனைப் பற்றி இருபது ஆண்டுகளாகச் சிந்தித்துவரும் எனக்கு, இந்தச் சிறு ஒழுங்கு பெரியதொரு பாடமாகத் தோன்றிற்று.

நான் கண்ட காட்சி

தங்கையின் மாமனார் எழுபத்து நான்கு வயதினர். வடமராட்சியில் இளைப்பாறிய தபாலதிபர். மனைவியாரை இழந்தபின் மகனுடன் வாழ இலண்டன் சென்றவர். மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றதும், அந்த வீட்டில் அவரும் தொலைக்காட்சியுமே எஞ்சியிருப்பர். ஊரிலே காலை முதல் மாலை வரை நூறு பேருடன் பேசிய மனிதர், அங்கே நாள் முழுவதும் வாய் திறவாதிருந்தார். உணவும் குறைந்துவிட்டது என்று தங்கை கண் கலங்கினாள். அவரை அழைத்துக்கொண்டே நான் பூங்காவிற்குச் சென்றேன்.

புல்லிற் பனி காயாத நேரம். பன்னச்செடிகள் மார்பளவு உயர்ந்திருந்தன; செஸ்நட் மரங்களில் முள் போர்த்த பச்சைக் காய்கள் தொங்கின. வெளியெங்கும் மக்கள். ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமுடைய இளைஞர் முன்வரிசையிலும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்த தாய்மார், நாயைக் கயிற்றிற் பிடித்தோர், நரைத்த தலையினர் பின்வரிசைகளிலும் நின்றனர். புதிதாக வந்தோரை ஒருபுறம் அழைத்து, ஒரு பெண்மணி முறைகளை விளக்கினார். மான்களுக்கு அருகே செல்லலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. பின்னர் ஒரு குரல் ஒலித்தது. கூட்டம் வெள்ளம்போற் புறப்பட்டது. முன்வரிசையினர் மரங்களிடையே மறைந்தபோது, நாங்கள் இன்னும் புறப்பட்ட கோட்டையே கடக்கவில்லை.

பின்வரிசையில் நடை மெதுவானது. ஆனாற் பேச்சு வேகமானது. கடைசியில் நடந்த தொண்டர், இளைப்பாறிய ஒரு தாதி. அவரும் மாமாவும் முழங்கால் வலியிற் தொடங்கி, இருவரும் இழந்த வாழ்க்கைத் துணைகளைப் பற்றிய பேச்சிற்கு வந்துசேர ஒரு மைல் தூரமே தேவைப்பட்டது. முகத்தோடு முகம் நோக்கி அமர்ந்திருந்தாற் சொல்லத் தயங்குவதை, பக்கத்திற் பக்கமாக நடக்கும்போது மனிதர் எளிதிற் சொல்லிவிடுகின்றனர். எல்லையை அணுகியபோது ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. அப்பொழுதும் ஐந்தாறு தொண்டர்கள் காத்து நின்று கைதட்டினர்.

பூங்காவிலுள்ள தேநீர்ச்சாலையில் அமர்ந்தபோது மாமா சொன்னார்: "தம்பி, ஊரிலை வாசிகசாலைக்குப் போய் வந்தமாதிரிக் கிடக்கு."

நான் மூன்று சனிக்கிழமைகள் அவருடன் சென்றேன். நான் திரும்பிய பின்னும் அவர் நிறுத்தவில்லை. ஒளிரும் நிற மேலங்கி அணிந்து, வளைவொன்றில் நின்று வழிகாட்டுகிறார் என்று மார்கழியிற் தங்கை எழுதினாள். வீட்டிற் பேச்சும் உணவும் மீண்டும் வந்தன என்றும் எழுதியிருந்தாள்.

வேகமும் விலையும்

உலகத்துப் போட்டிகள் எல்லாம் ஆண்டுக்காண்டு வேகம் கூடுவதைக் கொண்டாடும். இங்கோ நிலைமை மாறானது. தொடக்க ஆண்டுகளில் ஓடி முடிக்கும் சராசரி நேரம் 25 நிமிடங்களுக்கும் குறைவு; இன்று அது 30 நிமிடங்களைத் தாண்டிவிட்டது. நடப்போரும் முதியோரும் நோயுற்றுத் தேறியோரும் பெருமளவிற் சேர்ந்தமையே காரணம் என்று நடத்துவோர் மகிழ்கின்றனர். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், மிக விரைந்தோரின் சாதனைப் பட்டியல்கள் பலவற்றைத் தம் இணையத்தளத்திலிருந்து அவர்கள் நீக்கினர். புதியோரை அவை அச்சுறுத்துகின்றன என்றனர். ஓட்டத்தில் தேர்ந்தோர் பலர் சினந்தனர். அவர்கள் சினத்திலும் நியாயம் இல்லாமலில்லை. உழைத்துப் பெற்ற இலக்கத்தை எவரும் விரும்புவர். ஆயினும் இருபாலாரும் அடுத்த சனிக்கிழமை அதே கோட்டிலேதான் நின்றனர்.

கட்டணம் பற்றியும் ஒரு வழக்கு எழுந்தது. 2016இல், பிரிஸ்டல் நகருக்கு அருகேயுள்ள லிட்டில் ஸ்ரோக் பூங்காவில், ஓடுவோர் பாதைப் பராமரிப்புக்குப் பணம் தருதல் வேண்டும் என்று உள்ளூர்ச் சபை தீர்மானித்தது. தேய்ந்த பாதையைத் திருத்தப் பணம் வேண்டும் என்பது உண்மையே. எனினும் ஓரிடத்தில் வாங்கினால் எல்லா இடத்திலும் வாங்க நேரும். வறியவரும் சிறுவரும் நின்றுவிடுவர் என்று நடத்துவோர் மறுத்தனர். முடிவில் அவ்வூர் ஓட்டமே நின்றுபோயிற்று. இலவசம் என்பதை அவர்கள் சலுகையாகவன்றிக் கொள்கையாகவே கருதுகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

அக்கொள்கை வீண்போகவில்லை. இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் இவ்வழக்கம் நிலவுகின்றது. 2017இல் இங்கிலாந்தின் ஹவரிக் சிறைச்சாலையினுள்ளும் கைதிகளுக்காக ஓர் ஓட்டம் தொடங்கிற்று. 2018 முதல் அந்நாட்டுக் குடும்ப வைத்தியர்கள் பலர் தம் நோயாளரை இக்கூட்டங்களுக்குச் சென்றுவருமாறு தூண்டுகின்றனர். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சிலே நின்ற ஓட்டங்கள், இங்கிலாந்தில் 2021 ஜூலையில் மீண்டும் தொடங்கின.

நாம் கொள்ளத்தக்கது

நம் நாட்டுக்கு நடை புதியதன்று. கொழும்புக் காலிமுகத்திடலிற் கடலோர நடைபாதையை ஆள்பதி ஹென்றி வார்ட் 1856இற் தொடங்கி 1859இல் முடித்து, பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதனைப் பேணுமாறு தம் பின்னோரைக் கல்வெட்டிற் கேட்டுக்கொண்டார். சுதந்திர சதுக்கத்திலும், யாழ்ப்பாணத்திற் கோட்டையைச் சூழ்ந்த வெளியிலும் பண்ணைக் கடலோரத்திலும் வைகறையில் நடப்போர் பலரை இன்றும் காணலாம். வைத்தியர் நீரிழிவுக்குச் சொன்னார் என்று பெரும்பாலோர் தனித்தனியே நடக்கின்றனர். வைத்தியரின் சொல் மறந்ததும் நடையும் நின்றுவிடுகின்றது. பெண்களோ, இருள் பிரியாத வேளையிற் தெருநாய்களுக்கும் தனிமைக்கும் அஞ்சி வீட்டிலே தங்கிவிடுகின்றனர். பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, பெரிய வீடுகளிற் தனித்து வாழும் முதியோர் நம் ஊர்களிலும் பெருகியுள்ளனர். என் தங்கையின் மாமனாரைப் போன்றோரைத் தேடி இலண்டன் வரை போகவேண்டியதில்லை.

அந்நியரின் ஓட்டத்தை அப்படியே இறக்குமதி செய்வோம் என்று நான் கூறவில்லை. நம் வெயிலுக்கு ஒன்பது மணி ஆகாது. ஆறு மணியே ஏற்றது. கருவிகளும் வில்லைகளும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், மாறாத ஓர் இடம், மாறாத ஒரு நேரம் இருந்தாற் போதும். கோவில் வீதியோ, வாசிகசாலை முன்றிலோ, பாடசாலை மைதானமோ எதுவும் தகும். மழை பெய்தாலும் இருவராவது வந்து நிற்பர் என்ற நம்பிக்கையை முதலில் உண்டாக்குதல் வேண்டும். முடிவில் எல்லோரும் அமர்ந்து தேநீர் அருந்த ஒரு வாங்கு வேண்டும். உயர்வகுப்பு மாணவர் முன்வந்தால் இதனை ஒரு மாதத்தில் நிலைநாட்டிவிடலாம்.

அவர்களுள் விரைந்து ஓடக்கூடிய ஒருவர், வாரம் ஒருவராக முறை வைத்து, எல்லோருக்கும் பின்னால் மெல்ல நடந்து வரச் சம்மதித்தாற் போதும். வேறு செலவு எதுவும் இல்லை.