‘ஃபா’ வராத பிள்ளை



20 ஆண்டுகளாக மக்தபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்து வருகிறோம். எழுத்தின் மக்ரஜ் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவது நம் வழக்கம். அந்த வழக்கமே ஒரு பிள்ளையின் மனத்தைப் புண்படுத்திய செய்தியை, பிறருக்கும் படிப்பினையாகட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

மாணவருக்கு வயது 9. நல்ல நினைவாற்றல் உடையவர். ஆனால் ‘ஃபா’ எழுத்து மட்டும் அவருக்கு வரவில்லை. தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் அதைப் ‘பா’ என்று உச்சரிப்பதுண்டு. இதுவும் அத்தகைய கவனக்குறைவே என்று முடிவு கட்டினோம். ‘ஃபலக்’ சூராவின் முதல் வசனத்தை மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் திரும்பத் திரும்ப ஓத வைத்தோம். நாளடைவில் அவர் சப்தமிட்டு ஓதுவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் அவரை நேர் எதிரே அமர்த்தி வாயசைவைக் கவனித்தோம். மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடும்போதுதான் ‘ஃபா’ பிறக்கும். அவருக்கோ கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் நின்றன. மேற்பற்கள் கீழுதட்டை எட்ட வழியே இல்லை. குறை தாடையின் அமைப்பில் இருந்தது. அதைப் பாராமல் கண்டித்த பிழை நம்முடையது.

அவருடைய தாயாரை அழைத்து விசாரித்தோம். “பல் டாக்டர் போன வருஷமே சொன்னாங்க ஹஜ்ரத். கொய்யாப்பழத்தைக் கூட முன்பல்லால கடிக்க மாட்டான். ஆனா அல்லாஹ் படைச்சதை மாத்தக் கூடாதுன்னு வீட்டுப் பெரியவங்க தடுத்துட்டாங்க” என்றார்.

அந்தப் பெரியவரின் அச்சம் ஆதாரமற்றதன்று. அழகுக்காகப் பற்களில் இடைவெளி உண்டாக்குவோரைச் சபிக்கும் ஹதீஸ், இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆயினும் ‘அழகுக்காக’ என்ற சொல் அதில் இருப்பதை உலமாக்கள் கவனிக்கச் சொல்கின்றனர். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியால் மூக்குப் பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. பொன்னால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பொன்னே அங்கு அனுமதிக்கப்பட்டது. குறையை நீக்குவது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? பெரியவரிடம் இதை எடுத்துரைத்தோம், அவரும் இசைந்தார்.

பிள்ளையுடன் பல் சீரமைப்பு மருத்துவரிடம் நாமும் சென்றோம். மேல்தாடை போதிய அளவு முன்னோக்கி வளரவில்லை என்றார். வளரும் வயதில் மேல்தாடை எலும்பின் இணைப்புகள் இறுகியிருப்பதில்லை. ஆகவே மேற்பற்களில் விரிப்பான் ஒன்றைப் பொருத்தி, நெற்றியிலும் மோவாயிலும் படியும் ஃபேஸ் மாஸ்க்கின் ரப்பர் வளையங்களால் தாடையை மெல்ல முன்னே இழுக்கலாம். 10 வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. வளர்ச்சி முடிந்தபின் கம்பி கட்டிப் பற்களை நகர்த்தலாமே தவிர, எலும்பை நகர்த்த முடியாது; கோணல் கடுமையாயின் அறுவை சிகிச்சைதான். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கோ பருவ வளர்ச்சிக் காலத்தில் வேறு வகைக் கருவி உண்டு. இன்னும் ஓரிரு ஆண்டு தயங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்றெண்ணி நடுங்கினோம்.

நாளொன்றுக்கு 14 மணி நேரம், உறக்கத்திலும், அந்தப் பிள்ளை மாஸ்க்கை அணிந்தார். முதல் வாரங்களில் வலித்தது, அழுதார். பத்து மாதங்களில் மேற்பற்கள் முன்னே வந்தன. பருவ வயதில் கீழ்த்தாடை மீண்டும் முந்தக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.

அன்று மக்தபில் அவர் ‘ஃபலக்’ ஓதினார். ‘ஃபா’ பிசகவில்லை. எந்தப் பிள்ளைகள் முன்னிலையில் அவரைக் கூனிக் குறுக வைத்தோமோ, அவர்கள் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தலைகுனிந்து சிரித்தார்.

பெற்றோர்களே! தொழுகையை ஏவும் அதே 7 வயதில் பிள்ளையின் பற்கள் பொருந்திக் கடிக்கின்றனவா என்றும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உஸ்தாதுகளே! பிள்ளையைக் கண்டிக்கும் முன் அவன் வாயைப் பாருங்கள். நம் கண்டிப்பால் குர்ஆனை விட்டு எந்தப் பிள்ளையும் ஒதுங்கிவிடாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.