தங்கா பத்து வெயிலும் அம்மா செய்த ஐஸும்

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடலோரச் சாலையைப் பிடித்துப் போனால் கிளேபாங், தஞ்சோங் கிளிங் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து வழிவிடும். அவற்றுக்கு அப்பால் இருப்பது தங்கா பத்து. மலாய் மொழியில் ‘தங்கா’ என்றால் படிக்கட்டு, ‘பத்து’ என்றால் கல். ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. மறு பக்கம் தென்னை மரங்களும் கம்பத்து வீடுகளும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தேன். நண்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. “அம்மா, ஐஸ்!” என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். கம்பத்து வீடுகளில் ‘ஐஸ்கிரீம் மலேசியா’ என்று ஒன்று விற்பார்கள், நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நீளமான மெல்லிய பிளாஸ்டிக் பையில் மைலோவோ, சிராப்போ, ஆசம் போய்த் தண்ணீரோ ஊற்றி, முடிச்சுப் போட்டு உறைய வைத்தது. நுனியைக் கடித்துவிட்டு உறிஞ்ச வேண்டியதுதான். அவள் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நான் வளர்ந்த லயம் கண்முன் வந்தது.

அப்போது ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். சம்பள நாளில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு வருவார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயம் நாக்கில் ஒட்டும். ஒருமுறை அதைத் தின்ற தம்பி வயிற்றுப்போக்கில் மூன்று நாள் சுருண்டு கிடந்தான். ஐஸ்தான் காரணமோ, வேறெதுவோ! அன்றிலிருந்து அம்மா வெளி ஐஸுக்குக் காசு தருவதில்லை. பிள்ளைகள் விடுவோமா? அழுது தீர்த்தோம்.

தோட்டத்தில் கிராணியார் வீட்டில் மட்டும்தான் ஐஸ் பெட்டி. கேட்டால் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அம்மா கேட்கவில்லை. கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ்கட்டி வாங்கி வந்து, சாக்கில் சுற்றி உடைத்து, வாளியில் கொட்டினாள். அதன் மேல் கை கையாகக் கல்லுப்பு. நடுவே மூடி போட்ட தகர டப்பாவில் தேங்காய்ப்பாலும் கூலா மலாக்காவும் கலந்து வைத்தாள். உப்புச் சேர்ந்தால் ஐஸ் உருகும்போதே அதன் குளிர் 0 பாகைக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் டப்பாவில் உள்ளது உறைந்துவிடும். இந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் வேலை தெரிந்திருந்தது.

ஐஸ் ஒரு காலத்தில் கப்பலேறி வந்த பொருள். அமெரிக்காவில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சென்னையில் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டினார்கள். அதுவே இன்றைய விவேகானந்தர் இல்லம். குச்சி ஐஸின் கதையும் வேடிக்கையானது. 1905இல் அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுச் சிறுவன், கலக்கும் குச்சியோடு பானத்தை இரவில் வெளியே மறந்து வைத்தானாம். காலையில் அது உறைந்து நின்றதாம். பெரியவனானதும் 1924இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நமக்கு மறதி வேண்டாம், கவனம் போதும். தாய்மார்களே, அம்மாவின் முறையை இன்றைய ஐஸ் பெட்டிக்கு ஏற்பச் சொல்கிறேன்.

கூலா மலாக்கா 150 கிராம். தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி எடுப்பது இது. நம் கருப்பட்டிக்கு உறவு. இதை இரண்டு குவளைத் தண்ணீரில் இரண்டு பண்டான் இலையோடு கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கடைசியாக ஒரு குவளை கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் கிளறி, கொதி வரும்போது இறக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் பால் திரிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு பையிலோ அச்சிலோ ஊற்றி, இரவு முழுதும் உறைய விடுங்கள்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். உறையும்போது தண்ணீர் பருக்கும். ஆகவே பை நிறைய ஊற்றாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும். அதற்காகச் சீனியை அள்ளிக் கொட்டினால் ஐஸ் இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். மூன்றாவதுதான் முக்கியம்: உறைய வைப்பதால் கிருமி சாகாது. கெட்ட தண்ணீர் உறைந்தாலும் கெட்ட தண்ணீரே. கொதித்த தண்ணீர், கழுவிய கை, சுத்தமான பை — இவற்றில் சிக்கனம் கூடாது.

இப்போது பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குப் போய்விட்டன. அந்த லயமும் இல்லை, அம்மாவும் இல்லை. தங்கா பத்திலிருந்து வீடு திரும்பிய அன்றிரவே நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். மறுநாள் காலை சின்னவள் ஒரு வாய் கடித்துவிட்டு, “கடையில வாங்கினதவிட இது நல்லாருக்கும்மா. யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றாள்.

“உன் பாட்டி” என்றேன்.