பச்சை எம்.ஜி.ஏ.யும் தேயிலைப் பெட்டிப் பலகையும்

பெப்ரவரி 9

டிக்கோயாவுக்கு மேற்புறமுள்ள ஒரு தோட்டத்தில், ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவருடைய வீட்டுக் கொல்லையில், விறகுக் கட்டுகளுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே தகரக் கொட்டகையில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரை இன்று விலைபேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். ஓய்வூதியத்தில் காலட்சேபம் செய்கிற பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கு இது தகுந்த காரியமா என்ற கேள்வியை நான் எழுப்பிக்கொள்ளுமுன்பே, “ஓடாத காருக்கா ஓடுற காசக் குடுத்துட்டு வந்தீங்க?” என்று இல்லாள் எழுப்பிவிட்டாள். நியாயமான கேள்விதான். ஆயினும் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியது தொடக்கம், இந்நாட்டில் நான்கு சக்கரமுள்ள வஸ்து எதுவாயினும் அதன் துருவுக்கும் சேர்த்து விலை கேட்பது வழக்கமாகிவிட்டது என்பதை அவளுக்கு எடுத்துரைத்தேன். சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டு உற்பத்தியாகி, அவற்றுள் ஆறாயிரத்துக்கும் குறைவானவையே சுயதேசத்தில் விலைபோக, ஏனையவெல்லாம் கப்பலேறிப் போன ஜாதி இது. என்னுடையது 1956 ஆம் வருஷத்துக் கார். ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்தே இலக்கத் தகடுகளுக்கு எழுத்தெடுத்த காலத்தின் கடைசியில் பதிவானபடியால் ‘ஈ.வை.’ என்ற முகத்தோடு இருக்கிறது. அடுத்து வந்த தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ ஏறியதும், 1958 இல் அதன்மேல் வடக்கிலும் இம்மலைநாட்டிலும் தார் பூசப்பட்டதும், அதற்காக அடியும் குண்டும் வாங்கியதும் சரித்திரம். மயிரிழையில் அந்தச் சச்சரவுக்குத் தப்பிய தகடு இது.

பெப்ரவரி 17

வண்டியின் பூர்வோத்தரம் ஒருவாறு விளங்கிற்று. வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் வாங்கி, நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டங்களுக்கும் கிளப்புக்கும் ஓட்டித் திரிந்து, பெரியதுரையாகப் பதவி உயர்ந்த பிறகும் கைவிடாமல் வைத்திருந்தாராம். 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1975 இல் கம்பெனித் தோட்டங்களையும் அரசு சுவீகரித்துக்கொண்ட பின்னர், அவர் ஊருக்குப் புறப்படுகையில் டீமேக்கரின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று கைமாறிய தொகையை மட்டும் டீமேக்கர் இன்றளவும் சொல்லவில்லை.

உதிரிப்பாகங்களின் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்த அக்காலத்தில், எது உடைந்தாலும் தேயிலை ஸ்டோரின் பட்டறையிலேயே, கொழுந்து அரைக்கும் ரோலருக்கும் ட்ரையருக்கும் வைத்தியம் பார்த்த அதே பிட்டரின் கையால் சீராகியிருக்கிறது. அந்த மனிதரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது.

பெப்ரவரி 26

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக், சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்தார். தொண்ணூறுகளில், பெற்றோலுக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் துளி பெற்றோலால் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். “கறளைக் கண்டு பயப்பிடாதேங்கோ, மாஸ்டர். சத்தத்தைக் கேளுங்கோ,” என்றார். தட்டிய இடத்தில் உரத்த ஒலி எழுந்தால் இரும்பு உண்டு. ‘தொப்’பென்றால் அங்கே இருப்பது பெயிண்டும் நம்பிக்கையும் மாத்திரமே.

துரு எல்லா இடத்தையும் சமமாகத் தின்பதில்லை. கதவு, பொனட், பின்மூடி ஆகியவற்றின் மேற்றகடு அலுமினியமாகையால் பழுதில்லாமல் இருக்கின்றன. ஆயினும் அவ்வலுமினியம் இரும்புச் சட்டத்தைத் தொடும் விளிம்புகளில், ஈரத்தின் துணையோடு இரண்டு உலோகங்களும் பகைத்துப் பொடிந்திருக்கின்றன. ஆசனத்துக்குப் பின்னே இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளைத் தாங்கிய இருப்புச் சட்டங்கள் அமிலத்தில் கரைந்தே போயின. கதவுக்குக் கீழுள்ள பெட்டிபோன்ற பகுதிதான் மிக மோசம். கொழும்பின் உப்புக்காற்று இங்கே இல்லை, சீமையில் பனிக்காலத்துச் சாலைகளில் தூவும் உப்பும் இல்லை. மழையாவது பெய்து வழிந்து போய்விடும், இந்த மூடுபனியோ சந்துகளுக்குள் புகுந்து, உள்ளேயே நீராகி, வெளியேற வழியின்றி வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறது.

தரையைப் பார்த்தபோதுதான் நான் திகைத்து நின்றேன். இந்தக் காருக்குத் தொழிற்சாலையிலேயே ஒட்டுப்பலகைத் தரைதான் வைத்தார்கள். அது உளுத்தபின், தேயிலைப் பெட்டியின் பலகைகளை இரட்டையாகச் சேர்த்து, தகரப் பட்டியால் விளிம்பு கட்டி அங்கே பொருத்தியிருக்கிறார்கள். மண்ணைத் துடைத்தால், ‘பி.ஓ.பி.’ என்ற தேயிலைத் தரமும் தோட்டத்தின் முத்திரையும் கறுப்பு மையில் இன்னும் வாசிக்கக் கிடைக்கின்றன.

மார்ச் 20

எஞ்சின் பற்றிய கவலை பாதி தீர்ந்தது. இந்தியாவின் அம்பாசிடர் காரில் நெடுங்காலம் இருந்ததும் இதே 1489 சி.சி. குடும்பத்து எஞ்சின்தான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூருக்குப் போன என் சித்தப்பாவின் மகன் அங்கே அம்பாசிடர் டாக்சி ஓட்டியவன். பேரிங்கும் பிஸ்டன் வளையமும் தேடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கள் குடும்பத்தை இரண்டாக்கிய ஒப்பந்தம் என் காருக்கு உபகாரம் செய்யுமென்று யார் கண்டார்!

ஏப்ரல் 12

1934 இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தின் ஊரல்லவா, நுவரெலியாவில் இந்தப் பருவத்தில் மோட்டார்ப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பழைய கார்களில் பாண்டித்தியமுள்ள கொழும்புப் பிரமுகர் ஒருவரைச் சந்தித்தேன். அபிங்டனை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்தபடியே, இரட்டைக் கார்புரேட்டர் முதல் இளம்பச்சை வர்ணம் வரை, அனைத்தையும் மீட்டால்தான் அதற்கு மதிப்பென்பது அவருடைய சித்தாந்தம். வர்ணத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. பிரேக்கிலோ தர்க்கத்துக்கே இடமில்லை. நானுஓயாவிலிருந்து ஏறும் வளைவுகளை அறிந்தவன் பழைய ரப்பரை நம்பமாட்டான், சிலிண்டரும் குழாயும் யாவும் புதிதாகவே வரும். ஆனால் அபிங்டனில் சில நாட்களே இருந்த ஒரு வண்டி, இந்த மலையில் எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. ஜீர்ணோத்தாரணம் செய்கிறோம் என்று சொல்லிக் கோயிற்சுவரின் கல்வெட்டைச் செதுக்கித் தள்ளுகிறவர்களை நாம் மெச்சுவதில்லையே. பெயரற்ற அந்தப் பிட்டர் விட்டுப்போன ஒரே சாசனமான பெட்டிப்பலகையை நான் மட்டும் ஏன் விறகாக்க வேண்டும்? அவர் புன்னகைத்தார். சம்மதமென்று அதற்குப் பொருளில்லை.

ஏப்ரல் 27

ஆட்சேபம் நான் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வண்டியைப் பார்க்க வந்த டீமேக்கர், நான் பெருமையோடு வார்னிஷ் பூசவைத்திருந்த பலகைகளைக் கண்டு முகம் சுளித்தார். “அது அவசரத்துக்குப் போட்டதுங்க, சேர். நல்ல பலகை கெடைக்காத காலம். பிட்டர் அண்ணனே பாக்குறப்பல்லாம் வெக்கப்படுவாரு. கழட்டிடுங்க,” என்றார். யாருடைய நினைவுக்காக நான் வாதாடினேனோ அவருடைய விருப்பமே எனக்கு விரோதமாக இருக்கிறபோது எதைச் சொல்லித் தேறுவது! தேநீர் ஆறும்வரை பேசினோம். இறுதியில், ஓட்டுகிறவர் காலூன்றும் பக்கத்துக்குக் கனமான புதுப்பலகை, மற்றப் பக்கத்துக்குப் பழைய பெட்டிப்பலகை என்று தீர்மானமாகி, ஆசாரியிடம் அளவும் கொடுத்தாயிற்று. டீமேக்கர் அதற்கு முழுமனத்தோடு இணங்கினார் என்று நான் எழுதமாட்டேன்.