படம் எடுக்க மட்டுமா காற்றாலை?

நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகருக்கு அருகே உள்ள கிண்டர்டைக் கிராமத்தில் சுற்றுலாப் பேருந்து நின்றதும் எல்லோரும் செல்போனுடன் இறங்குகிறார்கள். வாய்க்கால் கரைகளில் 19 காற்றாலைகள். பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

வாய்க்காலைக் கவனிப்பவர் குறைவு. அந்தக் காற்றாலைகள் தண்ணீர் இறைக்கக் கட்டியவை. அங்கே நிலம் தாழ்வு, ஆறு உயரம். வயலில் தேங்கும் நீரைக் காற்றாலைச் சக்கரம் மேட்டுத் தேக்கத்துக்கு ஏற்றும். ஆற்றில் நீர் தணியும்போது மதகைத் திறந்து வடிப்பார்கள்.

இன்று அந்த வேலையை பம்புகள் செய்கின்றன. கரையையும் வடிகாலையும் பராமரிப்பது நீர் வாரியம். 13-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஏற்பாடு அது. நிலம் வைத்திருப்பவரும் குடியிருப்பவரும் அதற்கு வரி கட்டுகிறார்கள்; நிர்வாகக் குழுவுக்குத் தேர்தலும் உண்டு. கரையை அலட்சியப்படுத்த அவர்களால் முடியாது. 1953-ல் கடல் பொங்கிக் கரைகள் உடைந்தபோது அந்நாட்டில் 1,836 பேர் உயிரிழந்தனர்.

அங்கே சுற்றுலா போகும் விவசாயக் குடும்பத்தினர், படம் எடுத்த பிறகு பத்து நிமிடம் மதகுப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வரலாம்.