இணைப்புத் தருபவரும் பழுது பார்ப்பவரும்

பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரிய பீடமும் விளம்பரப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று உண்டு. விளம்பரம் சேகரிப்பவர் செய்தியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக எழுந்த சுவர் அது. அதன் அருமையை எனக்கு முழுமையாக உணர்த்தியது ஒரு கணனி விவகாரம்.

2010 ஆம் ஆண்டு மாரிகாலம். கூரையில் அலைவாங்கி பொருத்திய கம்பியில்லா இணைய இணைப்பை நான் பயன்படுத்தி வந்தேன். கல்முனையில் அந்த இணைப்பைத் தந்த நிறுவனமே கணனி திருத்தும் வேலையையும் செய்தது. பெயர் வேண்டாம். ஓரிரவு செய்தி அனுப்ப முடியாமல் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மறுநாள் ஓர் இளைஞர் வந்து சில நிமிடங்கள் பார்த்தார்.

"சேர், இணைப்பில் பிழையில்லை. கணனியில்தான் வைரஸ். கொண்டுபோய்த் துப்புரவாக்க வேண்டும்" என்றார்.

நம்பிக் கொடுத்தேன். வன்தட்டு முழுவதும் அழிக்கப்பட்டு, பற்றுச்சீட்டுடன் கணனி திரும்பி வந்தது. 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின்னர் மருதமுனை, சாய்ந்தமருது அகதி முகாம்களில் நான் எடுத்து வைத்திருந்த செவ்விகளின் குறிப்புகள் அந்த வன்தட்டில்தான் இருந்தன. பிரதி எடுத்து வைக்காதது என் தவறு. ஆனால் இணைப்போ முன்போலவே அறுந்தது. பின்னர் கூரையில் ஏறிய வேறொருவர், உப்புக்காற்றில் கறல் பிடித்து மழைநீர் புகுந்திருந்த இணைப்பியை மாற்றினார். பத்து நிமிட வேலை. பழுது அங்கேதான் இருந்தது.

முதலில் வந்த இளைஞரைச் சில மாதங்களின் பின் சந்தித்தபோது, "ஏன் தம்பி அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "இணைப்பில் பழுதென்று எழுதினால் கந்தோருக்குச் செலவு சேர். கணனியில் பழுதென்று எழுதினால் வரவு. மாத முடிவில் எங்களிடம் கணக்குக் கேட்பார்கள்."

அவர் கெட்டவரல்லர். தன் பிழைக்குத் தானே தீர்ப்பெழுதும் நாற்காலியில் அவரை அமர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நோய் புதிதன்று; மருந்தும் புதிதன்று. நமது நாட்டில் தபாலும் தொலைத்தொடர்பும் 1980 இல் தனித்தனித் திணைக்களங்களாகின. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம், தொலைபேசிச் சேவையை நடத்துவதையும் அதனைக் கண்காணிப்பதையும் வெவ்வேறு கைகளில் கொடுத்தது. 1996 இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அமைந்தது. பிரித்தானியாவிலோ, பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனம் 2006 ஜனவரியில் கம்பிகளைப் பராமரிக்கும் வேலையை ஓப்பன்ரீச் என்னும் தனிப்பிரிவாக்கியது. கம்பியை வைத்திருப்பவர் தமது கடைக்கு ஒரு நீதியும் போட்டியாளருக்கு ஒரு நீதியும் வழங்கலாகாது என்பதே அதன் அடிப்படை.

சிறு நிறுவனமொன்று இரண்டாக உடைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்முனை போன்ற ஊரில் இரு தொழிலையும் சேர்த்துச் செய்தால்தான் பலருக்குக் கட்டுபடியாகும். மேலும், பிரிவினை இன்னொரு தொல்லையையும் தரும். 'அது அவர்கள் வேலை' என்று இரு பகுதியினரும் வாடிக்கையாளரைப் பந்தாடுவார்கள். ஆகவே முறைப்பாட்டை ஏற்கும் வாசல் ஒன்றாக இருக்கட்டும். உள்ளே ஆட்களும் கணக்கும் இரண்டாக இருக்கட்டும். பழுது எங்கே என்று கண்டறிபவருக்கு அதைத் திருத்துவதால் வரும் வருமானத்தில் பங்கு இருக்கக் கூடாது. கண்டறிந்ததை அவர் எழுத்தில் தரவேண்டும்.

மருதமுனை நெசவாளருக்கு இது தெரியும். நூல் அடிக்கடி அறுந்தால் அதே தறியில் வேறு நூலைப் போட்டுப் பார்ப்பார். அதுவும் அறுந்தால்தான் தறியில் கைவைப்பார். இணையத்துக்கும் அதே சோதனைதான்: அதே இணைப்பில் வேறொரு கருவியைப் பொருத்திப் பாருங்கள். அதிலும் அறுந்தால் உங்கள் கணனியைக் கையளிக்காதீர்கள். இன்று கண்ணாடி இழை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் இந்தச் சோதனை மாறவில்லை.

செலுத்திய பணத்தை நான் மறந்துவிட்டேன். அந்தச் செவ்விகளைத் தந்தவர்களில் சிலர் இன்று உயிரோடில்லை. அவர்கள் சொன்னவற்றை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?